மனச்சோர்வு அபாயம்: தட்டை மாற்றுவதா, மாத்திரை வாங்குவதா?

சாப்பாட்டுக்கும் மனச்சோர்வுக்கும் தொடர்பு உண்டு என்று படித்ததும் பலர் செய்யும் முதல் காரியம், ஒமேகா-3 ஒரு புட்டி, வைட்டமின் டி ஒரு புட்டி, பி காம்ப்ளக்ஸ் ஒரு பட்டை என்று வாங்கி வைப்பதுதான். வாங்குவது சுலபம், விழுங்குவது அதைவிடச் சுலபம். ஆனால் நலமாக இருப்பவருக்கு மனச்சோர்வு வராமல் தடுக்குமா என்று ஆயிரக்கணக்கானவர்களிடம் சோதித்துப் பார்த்தபோது தோற்றுப்போனவை இந்தப் புட்டிகள்தான். ஏற்கெனவே மனச்சோர்வு உள்ளவர்களிடமும் சத்துக்குறைபாடு உள்ளவர்களிடமும் கதை வேறு. ஒரே மாத்திரை ஒருவருக்கு வீண்செலவாகவும் இன்னொருவருக்கு உண்மையான உதவியாகவும் அமைகிறது.

அதனால் "எந்தச் சத்து நல்லது?" என்ற கேள்விக்கு முன்னால் கேட்க வேண்டியது, "நான் எந்த நிலையில் இருக்கிறேன்?" என்பது. நிலைகள் மூன்று. மனநிலை இப்போது சரியாக இருந்தும், குடும்பத்தில் யாருக்காவது இருந்தது என்பதாலோ முன்பு ஒருமுறை வந்தது என்பதாலோ தற்காப்புத் தேடுபவர் முதல் வகை. சோர்வு, கவனக்குறைவு, ஆர்வமின்மை எல்லாம் இருந்து, அடியில் இரும்புச்சத்தோ பி12-ஓ குறைந்திருக்கக்கூடியவர் இரண்டாம் வகை. மனச்சோர்வு என்று மருத்துவர் உறுதிசெய்து சிகிச்சையில் இருப்பவர் மூன்றாம் வகை. தற்கொலை எண்ணம் இருந்தாலும், எழுந்து குளிக்கவே முடியாத அளவுக்கு நிலைமை இருந்தாலும், இந்தக் கட்டுரையின் ஒப்பீடு எதுவும் பொருந்தாது. அது அன்றே மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம். சத்துகள் அதற்குப் பிறகு.

கையில் உள்ள வழிகள் நான்கு: ஒட்டுமொத்த உணவுமுறையை மாற்றுவது, பரிசோதனை செய்து குறைபாட்டை மட்டும் சரிசெய்வது, சிகிச்சைக்குத் துணையாகக் குறிப்பிட்ட ஒரு சத்தைச் சேர்ப்பது, எதற்கும் இருக்கட்டும் என்று தடுப்பு மாத்திரை சாப்பிடுவது.

உணவுமுறையை மாற்றுவது

இதற்கான ஆதாரம் இரண்டு தளங்களில் இருக்கிறது. முதலாவது, பெருந்திரளான மக்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வுகள். 2009-இல் வெளியான ஸ்பெயின் நாட்டு ஆய்வு ஒன்று, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பட்டதாரிகளைச் சராசரியாக 4.4 ஆண்டுகள் கவனித்தது. மத்தியதரைக்கடல் பாணி உணவை (காய்கறி, பழம், பயறு, மீன், கொட்டைப்பருப்பு, ஆலிவ் எண்ணெய்) நெருக்கமாகப் பின்பற்றியவர்களுக்கு மனச்சோர்வு அபாயம் 30 சதவீதத்துக்கும் மேல் குறைவாக இருந்தது. இத்தகைய ஆய்வுகளை 2018-இல் தொகுத்துப் பார்த்தபோதும் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறைவு என்றே வந்தது. மறுபக்கம், 2023-இல் அமெரிக்கச் செவிலியர்கள் 31,712 பேரை வைத்து வெளியான ஆய்வில், மிகையாகப் பதப்படுத்தப்பட்ட உணவுகளை அதிகம் உண்ட ஐந்தில் ஒரு பகுதியினருக்கு, குறைவாக உண்ட ஐந்தில் ஒரு பகுதியினரைவிட அபாயம் சுமார் 49% கூடுதல்.

இந்த எண்களை அப்படியே நம்பிவிடக் கூடாது. மனச்சோர்வு வந்தவருக்குச் சமைக்கத் தெம்பு இருக்காது. பொட்டலம் பிரித்துச் சாப்பிடுவதுதான் அவரால் முடியும். ஆக, கெட்ட உணவு நோயைக் கொண்டுவந்ததா, வரப்போகும் நோய் உணவைக் கெடுத்ததா என்பது பின்தொடர்தல் ஆய்வில் முழுதாகப் பிரியாது. காய்கறி நிறையச் சாப்பிடுபவர்கள் பெரும்பாலும் கூடுதலாக நடப்பவர்கள், குறைவாகப் புகைப்பவர்கள், வருமானம் சற்றுத் தேவலை என்ற நிலையில் இருப்பவர்கள். கணக்கில் இதையெல்லாம் கழித்தாலும் மிச்சம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டேதான் இருக்கும்.

அதனால்தான் இரண்டாவது தளம் முக்கியம்: ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரித்து உணவை மாற்றிப் பார்த்த சோதனைகள். ஆஸ்திரேலியாவில் ஃபெலிஸ் ஜாக்கா குழுவினர் நடத்தி 2017-இல் வெளியிட்ட 'ஸ்மைல்ஸ்' சோதனை இந்தத் துறையில் ஒரு திருப்பம். மிதமானது முதல் கடுமையானது வரை மனச்சோர்வு இருந்து, உணவும் மோசமாக இருந்த 67 பேர். ஒரு பாதிக்கு உணவியலாளரோடு ஏழு அமர்வுகள், மறுபாதிக்கு அதே நேர அளவுக்குப் பேச்சுத்துணை. பலர் ஏற்கெனவே எடுத்துவந்த சிகிச்சையையும் தொடர்ந்தார்கள். 12 வாரங்கள் கழித்து நோய் தணிந்த நிலையை எட்டியவர்கள் உணவுக் குழுவில் 32.3%, பேச்சுத்துணைக் குழுவில் 8%. நான்கு பேரின் உணவை மாற்றினால் கூடுதலாக ஒருவர் தேறுகிறார் என்று பொருள். 2022-இல், 18 முதல் 25 வயதுக்குட்பட்ட இளைஞர்கள் 72 பேரை வைத்து நடந்த இன்னொரு ஆஸ்திரேலியச் சோதனையும் அதே திசையைக் காட்டியது.

மருந்து ஆய்வுகளிலேயே அபூர்வமான எண்கள் இவை. அதனாலேயே சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். தட்டில் என்ன இருக்கிறது என்பதைச் சாப்பிடுபவரிடம் மறைக்க முடியாது. உணவால் குணமாகும் என்று நம்பிச் சேர்ந்தவர் பேச்சுத்துணைக் குழுவில் விழுந்தால் ஏமாற்றம் வரத்தான் செய்யும். ஸ்மைல்ஸில் அந்தக் குழுவிலிருந்து பாதியில் நின்றவர்களும் அதிகம். 16 சோதனைகளையும் 45,826 பேரையும் சேர்த்து 2019-இல் வெளியான தொகுப்பில் உணவின் பலன் உண்மைதான், ஆனால் சிறியது என்றே தெரிந்தது. பதற்றத்தில் பலன் தெரியவில்லை. தொகுப்பில் இருந்தவர்களில் பெரும்பாலோர் நோய் உறுதிசெய்யப்படாதவர்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கெட்ட உணவு உண்ட நோயாளிக்குப் பெரிய லாபம், ஏற்கெனவே சுமாராகச் சாப்பிடும் நலமானவருக்குச் சிறிய லாபம் என்று இதைப் புரிந்துகொள்வதே எங்கள் வாசிப்பு.

ஸ்மைல்ஸ் பரிந்துரைத்த அளவுகள் வெளிப்படையானவை. ஒரு நாளைக்கு முழுதானியம் 5 முதல் 8 பங்கு, காய்கறி 6 பங்கு, பழம் 3, இனிப்புச் சேர்க்காத பால்பொருள் 2 அல்லது 3, உப்பில்லாத கொட்டைப்பருப்பு 1 பங்கு (ஏறத்தாழ 30 கிராம்), ஆலிவ் எண்ணெய் 3 மேசைக்கரண்டி. வாரத்துக்குப் பயறு வகை 3 அல்லது 4 பங்கு, மீன் குறைந்தது 2, கொழுப்பு குறைந்த சிவப்பிறைச்சி 3 அல்லது 4, கோழி 2 அல்லது 3, முட்டை ஆறு வரை. இனிப்பு, பொரித்தது, பதப்படுத்திய இறைச்சி, சர்க்கரைப் பானம் எல்லாம் சேர்த்து வாரத்துக்கு மூன்றுக்கு மேல் இல்லை. கலோரிக் கட்டுப்பாடு கிடையாது. எடை குறைப்பது நோக்கமும் இல்லை. பங்கேற்றவர்களின் எடையும் பெரிதாக மாறவில்லை. மனநிலை தேறியது எடை இறங்கியதால் அல்ல என்பதற்கு இது ஒரு சான்று.

இறைச்சி, மீன் உண்ணாதவர்கள் இந்தப் பட்டியலை அப்படியே எடுக்க முடியாது. இறைச்சியின் இடத்தில் பயறையும் முட்டையையும் பால்பொருளையும் வைக்கலாம். பி12-க்கும், மீனில் கிடைக்கும் ஒமேகா-3 வகைகளான ஈபிஏ, டிஎச்ஏ கொழுப்பமிலங்களுக்கும் மட்டும் தனி ஏற்பாடு தேவை. ஆளிவிதையிலும் வால்நட்டிலும் இருக்கும் ஒமேகா-3 வேறு வகை. உடல் அதை ஈபிஏவாக மாற்றுவது மிகக் கொஞ்சம். பாசியிலிருந்து எடுக்கும் எண்ணெய் சைவம்தான். ஆனால் பல பாசி எண்ணெய்களில் டிஎச்ஏதான் அதிகம், ஈபிஏ சொற்பம். மனச்சோர்வுக்காக வாங்குகிறவர் பின்பக்க எண்ணைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

எங்கே பிசகுகிறது? முதலாவது, எல்லாவற்றையும் ஒரே திங்கட்கிழமை மாற்றுவது. பயறும் நார்ச்சத்தும் திடீரென்று இருமடங்கானால் வயிறு உப்பும். நான்காம் நாள் ஆள் விட்டுவிடுவார். வாரத்துக்கு ஒரு மாற்றம் என்று வைத்துக்கொண்டு, முதலில் சர்க்கரைப் பானத்தை நிறுத்தி, அடுத்த வாரம் தின்பண்டத்தின் இடத்தில் கொட்டைப்பருப்பு, அதற்கடுத்து இரண்டு வேளையிலும் காய்கறி, பிறகு பயறும் மீனும் என்று போனால் தாங்கும். இரண்டாவது, நல்ல உணவு என்றால் குறைவான உணவு என்று எடுத்துக்கொள்வது. மனச்சோர்வில் பசி குறைந்தவருக்கு வெறும் பச்சைக்காய்கறித் தட்டு தீங்கு செய்யும். எடை இறங்கிக்கொண்டிருந்தால் எண்ணெய், முட்டை, கொட்டைப்பருப்பு ஆகியவைதான் முதலில் ஏற வேண்டும். மூன்றாவது, சமைக்கும் தெம்பு என்ற விஷயத்தையே திட்டத்தில் சேர்க்காமல் விடுவது. உறைநிலைக் காய்கறி, டப்பாவில் அடைத்த மீன், வேகவைத்த பயறு எல்லாம் இந்த இடத்தில் முழு மதிப்பெண் பெறும். பதப்படுத்தியது எல்லாமே கெட்டது என்ற கறார்தனத்துக்கு இங்கே வேலை இல்லை.

மது தனி. ஸ்மைல்ஸின் பட்டியல் உணவோடு கொஞ்சம் சிவப்பு ஒயினுக்கு இடம் கொடுத்தது. மனச்சோர்வு உள்ளவருக்கு அதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். மது தூக்கத்தின் பின்பாதியைக் குலைக்கும், ஃபோலேட்டையும் (வைட்டமின் பி9) தயாமினையும் (பி1) குறைக்கும், மாத்திரையோடு சேர்ந்து மந்தம் கூட்டும்.

குறைபாட்டைக் கண்டுபிடித்துத் திருத்துவது

பணத்துக்கும் நேரத்துக்கும் அதிகப் பலன் தருவது இந்த வழி என்பது எங்கள் கருத்து. ஆனால் சத்துக்குறைபாட்டு அபாயம் இருப்பவர்களுக்கு மட்டும். காரணம் எளிது: பி12 குறைபாடு, இரும்புக் குறைபாடு, தைராய்டு குறைவு மூன்றும் மனச்சோர்வைப் போலவே வேடம் போடும். அதன்மேல் மனச்சோர்வு மாத்திரை எழுதினால் அரைகுறைப் பலன்தான் கிடைக்கும்.

முதலில் கேட்க வேண்டிய பரிசோதனைகள்: முழு இரத்த எண்ணிக்கை, இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12, தைராய்டுக்கான டிஎஸ்எச், 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி. மது அதிகம் எடுப்பவருக்கும், வலிப்பு மருந்து சாப்பிடுபவருக்கும், குடல் உறிஞ்சல் கோளாறு உள்ளவருக்கும் ஃபோலேட் சேர்க்கலாம். மெக்னீசியத்தை இரத்தத்தில் அளப்பதில் பெரிய பயன் இல்லை. உடலில் உள்ள மெக்னீசியத்தில் ஏறத்தாழ 1% மட்டுமே இரத்தத்தில் ஓடுகிறது. மற்றதெல்லாம் எலும்பிலும் திசுக்களிலும். அளவு சரி என்று வந்தாலும் உள்ளே குறைந்திருக்கலாம்.

பி12 மில்லிலிட்டருக்கு 200 பிக்கோகிராமுக்குக் கீழ் என்றால் குறைபாடு. 200 முதல் 300 வரை சந்தேகப் பகுதி. அங்கே, பி12 குறைந்தால் இரத்தத்தில் ஏறும் மெத்தில்மலோனிக் அமிலத்தை அளந்தால் தெளிவாகும். யாருக்குக் குறையும்? முழுச் சைவ உணவு உண்பவர், 60 வயது கடந்தவர், சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் பல ஆண்டுகள் சாப்பிட்டவர், அமிலம் குறைக்கும் மாத்திரையை நிறுத்தாமல் எடுப்பவர், இரைப்பை அறுவைச் சிகிச்சை செய்தவர். தினம் 1,000 மைக்ரோகிராம் வாய்வழியாக எடுத்தாலே பெரும்பாலோருக்குப் போதும். உறிஞ்சல் கோளாறு இருந்தாலும் ஏறத்தாழ 1% தானாகவே கசிந்து உள்ளே போய்விடும். அதனால்தான் மாத்திரையில் அளவு அவ்வளவு பெரிதாக இருக்கிறது. கை கால் மரத்துப்போவது, நடையில் தள்ளாட்டம் போன்றவை இருந்தால் மாத்திரைக்குக் காத்திராமல் ஊசி.

இங்கே ஒரு பழைய பிழை இன்னும் நடக்கிறது. பி12 அளவைப் பார்க்காமலே அதிக அளவு ஃபோலிக் அமிலம் தொடங்குவது. இரத்தசோகை சரியாகிவிடும், அறிக்கையும் அழகாக வரும். நரம்புச் சேதம் மட்டும் மறைவில் தொடரும். பி12 முதலில், ஃபோலேட் பிறகு, அல்லது இரண்டும் சேர்ந்து. இந்த வரிசையை மாற்றக் கூடாது. இன்னொன்று: முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கும் மாத்திரைகளில் பயோட்டின் அதிகம். அது பரிசோதனைக் கருவியைக் குழப்பி டிஎஸ்எச்சைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். இரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே நிறுத்திவிட வேண்டும்.

ஃபெரிட்டின் மில்லிலிட்டருக்கு 15 நானோகிராமுக்குக் கீழ் என்றால் இரும்பு இருப்பு காலி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. 30-க்குக் கீழ் என்றாலே குறைபாடாகப் பார்க்கும் மருத்துவர்கள் பலர். உடலில் அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறும் என்பதால் காய்ச்சலோடு போய்ச் சோதிக்கக் கூடாது. இரும்பால் என்ன எதிர்பார்க்கலாம் என்பதற்கு 2012-இல் வெளியான பிரான்ஸ் நாட்டுச் சோதனை நல்ல அளவுகோல். இரத்தசோகை இல்லாமல் ஃபெரிட்டின் 50-க்குக் கீழ் இருந்து, காரணம் தெரியாத அசதி இருந்த 198 பெண்கள். தினம் 80 மில்லிகிராம் இரும்பு, 12 வாரம். அசதி ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. மனச்சோர்வு மதிப்பெண் மாறவில்லை. அதாவது இரும்பு, மனச்சோர்வு என்று தோன்றிய அசதியை எடுக்கும். மனச்சோர்வையே எடுக்காது. இரும்பை ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தால் உறிஞ்சல் கூடுகிறது, வயிற்றுத் தொல்லையும் குறைகிறது. தினம் எடுத்தால் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி அடுத்த நாள் மாத்திரைக்குக் குடல் கதவை அடைக்கிறது. தேநீர், காப்பி, சுண்ணாம்புச்சத்து மாத்திரை ஆகியவற்றிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளி எடுக்க வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ ஆணுக்கோ இரும்பு குறைந்தால் மாத்திரையோடு முடிக்காமல், இரத்தம் எங்கே கசிகிறது என்று வயிற்றையும் குடலையும் பார்க்க வேண்டும்.

வைட்டமின் டி மில்லிலிட்டருக்கு 12 நானோகிராமுக்குக் கீழ் என்றால் குறைபாடு, 20-க்கு மேல் என்றால் எலும்புக்குப் போதும். குறைந்திருந்தால் எலும்புக்காகவும் தசைக்காகவும் சரிசெய்யத்தான் வேண்டும். மனநிலை மாறும் என்ற வாக்குறுதியோடு அதைத் தொடங்க வேண்டாம்.

சிகிச்சைக்குத் துணையாக ஒரு சத்து

இந்த வழி மூன்றாம் வகையினருக்கு. மருந்துக்கோ உரையாடல் சிகிச்சைக்கோ பதிலாக அல்ல, கூடவே.

அதிகம் ஆராயப்பட்டது ஒமேகா-3. 2019-இல் 26 சோதனைகளைத் தொகுத்தபோது, ஈபிஏ 60 சதவீதமோ அதற்கு மேலோ இருந்த மாத்திரைகள், நாளைக்கு 1 கிராம் வரையான அளவில் பலன் காட்டின. டிஎச்ஏ மிகுந்தவை காட்டவில்லை. ஊட்டச்சத்து உளமருத்துவத்துக்கான பன்னாட்டுச் சங்கம் அதே ஆண்டு தந்த வழிகாட்டுதல், ஈபிஏ நாளைக்கு 1 முதல் 2 கிராம், ஈபிஏ டிஎச்ஏவைப்போல் இருமடங்குக்குக் குறையாமல் என்றது. இவ்வளவு உற்சாகம் இல்லாத தொகுப்பும் உண்டு. 2021-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 35 ஆய்வுகளைப் பார்த்து, மனச்சோர்வு அளவுகோலில் சுமார் 2.5 புள்ளி குறைகிறது, நோயாளி உணர 3 புள்ளியாவது வேண்டும், ஆதாரத்தின் தரமும் குறைவு என்று சொன்னது. எங்கள் கணிப்பில் முயன்று பார்க்கலாம், பெரிதாக எதிர்பார்க்கக் கூடாது. அழற்சிக் குறியீடுகள் உயர்ந்தவர்களிடம் பலன் கூடுதலாகத் தெரிந்ததற்கு அறிகுறிகள் உள்ளன.

வாங்கும்போதுதான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். மேலட்டையில் 1,000 மில்லிகிராம் மீன் எண்ணெய் என்று பெரிதாக இருக்கும். பின்னால் படித்தால் ஈபிஏ 180, டிஎச்ஏ 120. மீதி வேறு கொழுப்பு. 1 கிராம் ஈபிஏவுக்கு இதில் ஐந்தாறு மாத்திரை வேண்டும், விகிதமும் ஒன்றரை மடங்குதான். ஒரு மாத்திரையில் ஈபிஏ 500 மில்லிகிராமுக்கு மேல் உள்ள செறிவூட்டியது எடுத்தால் இரண்டோடு முடியும். கொழுப்புள்ள சாப்பாட்டோடு எடுத்தால் உறிஞ்சல் கூடும், மீன்வாடை ஏப்பம் குறையும். மீன் ஈரல் எண்ணெயை இந்த அளவுக்கு ஏற்றக் கூடாது, வைட்டமின் ஏ நச்சளவை நெருங்கும். 1 கிராமுக்கு மேல் ஒமேகா-3 எடுத்த சோதனைகளில் இதயத்தின் ஒழுங்கற்ற துடிப்பு (ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்) சுமார் 49% கூடுதலாக இருந்தது. இதயத்துடிப்புக் கோளாறு உள்ளவரும் இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவரும் கேட்காமல் தொடங்கக் கூடாது.

அடுத்தது ஃபோலேட். மூளையில் மனநிலையோடு தொடர்புடைய வேதிப்பொருள்களான செரட்டோனின், டோபமின் உருவாகும் வழியில் அதற்கு வேலை உண்டு. ஆனால் வடிவம் முக்கியம். வேல்ஸில் 475 பேரிடம் தினம் 5 மில்லிகிராம் ஃபோலிக் அமிலத்தை மனச்சோர்வு மருந்தோடு சேர்த்துப் பார்த்தார்கள். பயனில்லை என்று 2014-இல் தெரிந்தது. உடல் நேரடியாகப் பயன்படுத்தும் எல்-மெத்தில்ஃபோலேட்டை, மருந்து மட்டும் போதாதவர்களிடம் 2012-இல் சோதித்தார்கள். 7.5 மில்லிகிராமில் பலன் இல்லை. 15 மில்லிகிராமில் பலன் கிடைத்தவர்கள் 32.3%, வெற்று மாத்திரையில் 14.6%. ஆனால் பங்கேற்றவர்கள் 75 பேர் மட்டுமே. கடையில் கிடைக்கும் 400 மைக்ரோகிராம் மாத்திரை இதில் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்குதான். இருமுனைக் கோளாறு உள்ளவரிடம் இந்த அளவு மிகைக்கிளர்ச்சியைத் தூண்டக்கூடும். மருத்துவர் எழுதித்தான் எடுக்க வேண்டும்.

மெக்னீசியத்தை 2017-இல் அமெரிக்காவில் 126 பேரிடம் சோதித்தார்கள். தினம் 248 மில்லிகிராம், ஆறு வாரம். மனச்சோர்வு மதிப்பெண் ஆறு புள்ளி குறைந்தது. படிக்க இனிக்கும். ஆனால் அதில் வெற்று மாத்திரை இல்லை, யார் எதை எடுக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த ஆறு புள்ளியில் மெக்னீசியத்தின் பங்கு எவ்வளவு, நம்பிக்கையின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை. ஆக்சைடு வடிவம் வயிற்றுப்போக்கைத் தரும், கிளைசினேட் அவ்வளவு தராது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் வேண்டாம்.

துத்தநாகம் 25 மில்லிகிராம் மருந்துக்குத் துணையாக உதவுவதாகச் சிறிய சோதனைகள் சொல்கின்றன. 40-க்கு மேல் நீண்டகாலம் எடுத்தால் தாமிரம் குறைந்து இரத்தமும் நரம்பும் பாதிக்கும். டிரிப்டோஃபான், 5-எச்டிபி இரண்டும் செரட்டோனினின் மூலப்பொருள் என்ற தர்க்கம் அழகுதான். ஆனால் மனச்சோர்வு மாத்திரையோடு சேர்ந்தால் செரட்டோனின் மிகுந்து காய்ச்சல், நடுக்கம், குழப்பம் என்று அவசரச் சிகிச்சை வரை போகலாம். சேர்க்க வேண்டாம்.

தடுப்பு மாத்திரை

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் விடை தெளிவு. அமெரிக்காவில் 50 வயது கடந்த 18,353 பேர், சராசரி ஐந்து ஆண்டுகளுக்கு மேல். தினம் 2,000 அலகு வைட்டமின் டி மனச்சோர்வைத் தடுக்கவில்லை. அதே ஆய்வில் தினம் 1 கிராம் மீன் எண்ணெய் எடுத்தவர்களிடம் மனச்சோர்வு 13% கூடுதலாகவே பதிவானது. இது எல்லைக்கோட்டை ஒட்டிய எண், மீன் எண்ணெய் கெடுதல் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. தடுக்கிறது என்று சொல்லவும் முடியாது. ஆஸ்திரேலியாவில் மாதம் 60,000 அலகு வைட்டமின் டி கொடுத்துப் பார்த்ததிலும் பலன் இல்லை.

ஐரோப்பாவின் நான்கு நாடுகளில், எடை கூடியிருந்து லேசான மனச்சோர்வு அறிகுறிகள் இருந்த 1,025 பேரிடம் நடந்த 'மூட்ஃபுட்' சோதனை இன்னும் நேரடியானது. ஒமேகா-3, செலினியம், ஃபோலிக் அமிலம், வைட்டமின் டி, சுண்ணாம்புச்சத்து எல்லாம் சேர்ந்த மாத்திரையை ஓராண்டு கொடுத்தார்கள். தடுக்கவில்லை. அதே சோதனையில் உணவுப் பழக்க ஆலோசனையும் 21 அமர்வுகள் வரை கொடுத்தார்கள். அதுவும் தடுக்கவில்லை என்பதை உணவின் பக்கம் நிற்பவர்கள் விழுங்கிவிடக் கூடாது. ஆலோசனை சொல்வதும் தட்டு உண்மையில் மாறுவதும் ஒன்றல்ல என்பது ஒரு விளக்கம். நோய் இன்னும் வராதவரிடம் ஓராண்டில் வித்தியாசம் காண்பது கடினம் என்பது இன்னொன்று.

மாத்திரை ஏன் தோற்கிறது? அமெரிக்க ஆய்வில் சேர்ந்தவர்களின் வைட்டமின் டி சராசரி தொடக்கத்திலேயே 30.8 நானோகிராம். நிரம்பிய குடத்தில் ஊற்றினால் வழியத்தான் செய்யும். இரண்டாவது, மீனைத் தட்டில் வைப்பவர் அந்த இடத்தில் வைத்திருந்த வேறொன்றை எடுத்துவிடுகிறார். மாத்திரை எதையும் எடுப்பதில்லை.

கூடுதலாக எடுப்பதன் செலவு பணம் மட்டுமல்ல. பி6 நீண்டகாலம் அதிகமானால் பாதங்கள் மரத்துப்போகும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் அதன் உச்ச வரம்பை நாளைக்கு 12 மில்லிகிராமாக இறக்கியது. பல பி காம்ப்ளக்ஸ் மாத்திரைகள் அதைத் தாண்டுகின்றன. செலினியம் மிகுந்தால் முடி கொட்டும், நகம் உடையும்.

யாருக்கு எது

முதல் வகையினருக்கு உணவுமுறை மட்டும் போதும். முழுச் சைவம் என்றால் பி12 சேர்த்துக்கொள்ளலாம். இரண்டாம் வகையினர் பரிசோதனையிலிருந்து தொடங்க வேண்டும். குறைந்ததை மட்டும் நிரப்பிக்கொண்டே தட்டையும் மாற்றலாம். மூன்றாம் வகையினர் சிகிச்சையைத் தொடர்ந்தபடி உணவை மாற்றி, மருத்துவரிடம் சொல்லிவிட்டு ஈபிஏவை எட்டு வாரம் முயலலாம். மற்றவை அதற்குப் பின். உணவு சரியாகிவிட்டது என்று மனச்சோர்வு மாத்திரையைத் தானே நிறுத்துவதுதான் இந்த வழியில் நடக்கும் மிகப் பெரிய தவறு.

தட்டை மாற்றுவதும் மருந்தோடு மோதக்கூடும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. மனநிலையைச் சமன்படுத்தும் லித்தியம் எடுப்பவர் உப்பைத் திடீரென்று குறைத்தாலோ காப்பியைச் சட்டென்று விட்டாலோ இரத்தத்தில் லித்தியம் ஏறும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர் கீரையைத் திடீரென்று கூட்டினால் மருந்தின் வேகம் குறையும். இன்சுலின் போடுபவர் சர்க்கரையையும் மாவுச்சத்தையும் வெட்டினால் தாழ்சர்க்கரை வரும். எம்ஏஓஐ என்ற பழைய வகை மனச்சோர்வு மருந்தில் இருப்பவருக்கு நாள்பட முதிர்ந்த பாலாடைக்கட்டியும் நொதித்த பொருள்களும் இரத்த அழுத்தத்தை ஆபத்தாக ஏற்றும். தைராய்டு மாத்திரைக்கும் இரும்பு, சுண்ணாம்புச்சத்து, மெக்னீசிய மாத்திரைகளுக்கும் இடையில் நான்கு மணி நேரம் விட வேண்டும்.

பலன் இருக்கிறதா என்பதை மனசு சொல்வதை வைத்துத் தீர்மானிக்க வேண்டாம். பிஎச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவம் கடந்த இரண்டு வாரத்தை 0 முதல் 27 வரை அளக்கிறது. 10 என்றால் மிதம், 20 என்றால் கடுமை. தொடங்கும் நாளிலும், பிறகு நான்கு வாரத்துக்கு ஒருமுறையும் நிரப்பித் தேதியோடு வைத்துக்கொள்ளலாம். ஐந்து புள்ளி குறைந்தால் உண்மையான முன்னேற்றம். ஒன்பதாவது கேள்வி தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றியது. அதில் பூஜ்யத்துக்கு மேல் எது வந்தாலும் மொத்தக் கூட்டலைப் பார்க்காமல் மருத்துவரை அழைக்க வேண்டும்.

ஃபெரிட்டினையும் பி12-ஐயும் வைட்டமின் டியையும் மறுபடி சோதிக்க மூன்று மாதம் பொறுத்திருப்பது நல்லது, அதற்குள் பார்த்தால் எண்கள் நிலைத்திருக்காது. மாத்திரைகளில் ஒன்றைத் தொடங்கி நான்கு வாரமாவது கழித்தே அடுத்ததைத் தொடங்க வேண்டும். பல மாத்திரைகளை ஒரே நாளில் தொடங்கியவருக்கு, தேறினாலும் எது வேலை செய்தது என்று தெரியாது, வயிறு கெட்டாலும் எதை நிறுத்துவது என்று தெரியாது.